அப்பாவின் கைக்கடிகாரம்

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் பஸ்ஸுக்கு நின்றபோது ஆடைத் தொழிற்சாலையில் சங்கு ஊதியது. வட்டகொடையில் பத்தாம் வகுப்புப் படித்த காலம் நினைவுக்கு வந்தது.

அமெரிக்காவின் முதல் பஞ்சாலைகளில் முதலாளிகள் கடிகாரத்தை மெதுவாக ஓடவிட்டு, கிராமத்துப் பெண்களிடம் கூடுதல் நேரம் வேலை வாங்கினார்கள் என்று சரித்திர டீச்சர் சொன்னார். தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்த அம்மாவிடம் அதைச் சொன்னேன்.

"நமக்கும் அப்படித்தான் செய்றாங்களோ?" என்றார் அம்மா.

மறுநாள் அப்பாவின் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு போனார். அதில் வேலை முடியும் ஐந்து மணி தாண்டியும் சங்கு ஊதவில்லை. அம்மா வேலையை விட்டு எழுந்தார்.

"எங்க போற?" என்று ஃபெக்டரிப் பொறுப்பாளரான டீமேக்கர் அதட்டினார்.

"மணி அஞ்சாயிருச்சுங்க ஐயா."

மற்றப் பெண்களும் அம்மாவோடு வெளியே வந்துவிட்டார்கள். அதன்பிறகு சங்கு நேரத்துக்கு ஊதியது. அம்மாவை மட்டும் கொழுந்து பறிக்க மலைக்கு மாற்றினார்கள்.

முதல் நாள் மழையில் நனைந்து வந்தவர், தலையைத் துவட்டியபடி சொன்னார்:

"அந்த அமெரிக்காப் புள்ளைங்க அப்பறம் என்ன செஞ்சாங்கன்னு டீச்சர்கிட்ட கேட்டுட்டு வா."