மூன்று விரல் ஆளுக்கு நான் சொன்ன சாட்சி

கோழி விற்கிற தொழிலில் விற்கப்போகும் பொருள் நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும். மரக்கறிக்காரிக்கு அந்தத் தொல்லை இல்லை.

சண்டைக் காலத்தில் வாழைச்சேனைப் பக்கம் கோழியும் முட்டையும் விற்றுச் சீவித்தவள் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. தனியாள். காலையில் கதவைத் திறக்கும்போதே பயமும் கூட வரும். கோழிக்கு நோய் வருமா, ஆமிக்காரன் பாதையை மூடுவானா, சென்றிக் காவலில் கூடையைக் கவிழ்க்கச் சொல்வானா என்று ஏதாவது ஒன்று இருக்கும். நீங்களும் அந்த நாட்களில் ஏதாவதொரு உயிரைக் கூடையில் வைத்துக்கொண்டு றோட்டில் இறங்கியவர்கள் என்றால், நான் ஏன் இப்படியானேன் என்று கேட்க மாட்டீர்கள்.

கால் கேட்ட வாடிக்கையாளர்

என் வளவுக்குள் இருந்த சின்ன அறையில் ஒரு விஞ்ஞான மாஸ்டர் வாடகைக்கு இருந்தார். சொந்த ஊர் களுதாவளை. மனைவியும் பிள்ளையும் அங்கே. பாதை திறந்திருந்தால் சனிக்கிழமை போவார், மூடினால் அறையிலேயே கிடப்பார். எல்லாரும் என்னிடம் இறைச்சி கேட்பார்கள். இவர், நான் வெட்டி எறியும் கோழிக் காலைக் கேட்டார்.

சூப்புக்காக்கும் என்று நினைத்தேன். அவர் அதைக் கழுவி, வெளிச்சத்தில் பிடித்து, செதிலையும் நகத்தையும் எனக்குக் காட்டினார். வெட்டின இடத்தில் வெள்ளையாக நீட்டிக்கொண்டிருந்த நரம்பை இழுத்தார். செத்த காலின் விரல்கள் மடங்கின. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. டைனோசர் என்று பெரிய பிராணிகள் இருந்தனவாம், வீட்டை விட உயரமாம், வானத்திலிருந்து ஒரு கல் விழுந்து எல்லாம் அழிந்து போயினவாம், மிஞ்சிய சொந்தக்காரர் என் கூட்டில் கொக்கரிப்பவைதானாம். இவ்வளவு காலமும் யாருடைய கழுத்தை அறுத்தேன் என்று எனக்குப் புதிதாக ஒரு கவலை வந்தது. உயிர்க்கோழி வாங்க ஓட்டமாவடியிலிருந்து சைக்கிளில் வரும் முஸ்லிம் வியாபாரிக் காக்கா, கூடையைக் கட்டியபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார்.

"அம்புட்டுப் பெரிய குடும்பத்துப் புள்ளையளா இது? முதல்லயே சொல்லியிருந்தா கூடையில துணி விரிச்சிருப்பன் புள்ள."

கல் விழாமல் இருந்திருந்தால்

மாஸ்டருக்கு ஒரே கேள்வி. பின்னேரம் படலையடியில் யார் நின்றாலும் அதைத்தான் கேட்பார். அந்தப் பிராணிகளில் சில இரண்டு காலில் நடந்தன. முன்கை சும்மா இருந்தது, பிடிக்க விரலும் இருந்தது. நேரே முன்னுக்குப் பார்க்கிற பெரிய கண்ணும் சிலதுக்கு இருந்தது. வானத்திலிருந்து அந்தக் கல் விழாமல் இருந்திருந்தால், மூளை வளர்ந்து அவையும் நம்மைப் போல யோசிக்கப் பழகியிருக்குமா?

யாரும் பதில் சொல்லாவிட்டால் தனக்கே எதிர்க்கட்சியாகிவிடுவார். "அதுகளுக்கு எவ்வளவோ காலம் கிடைச்சது. மூளை வளரல்ல. பல்லும் வாலும் போதும் எண்டு இருந்திட்டுதுகள். மூளைக்கு நிறையத் தீன் வேணும். மூளை இல்லாம வாழ ஏலா எண்டு வாறவனுக்குத்தான் அது வளரும்" என்பார். நான் என் கோழிகளைச் சொன்னேன். ஆமியின் ஹெலிகொப்டர் வரும் சத்தம் நம் காதில் விழுமுன்பே அவை வாழைக்குள் பூந்துவிடும். அது அறிவில்லையா? மாஸ்டர் யோசித்தார். அடுத்த வளவுப் பாக்கியம் யோசிக்கவில்லை. குண்டுக்கு ஒளிய அவள் வெட்டின வங்கர் குழி அந்த மாரி மழையில்தான் இடிந்து விழுந்திருந்தது.

"அதுகளுக்கு மூளை வந்திருந்தா மட்டும் என்னகா? நம்மளப் போல தண்ணி நிக்கிற வங்கர்தான் வெட்டியிருக்கும்."

கூட்டுக்குள் ஒரு குடியிருப்பாளர்

பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வைக்கப் போவதாகச் சொன்னார்கள். மாஸ்டர் தன் கேள்வியை உருவமாகச் செய்துவிடுவது என்று முடிவெடுத்தார். கடதாசி ஆலை இருக்கிற வாழைச்சேனையில் கடதாசிக்கா பஞ்சம்? ஊறவைத்து இடித்து, கோதுமை மாப் பசை சேர்த்து, மூங்கில் சட்டத்தில் அப்பினார். சிரட்டையைக் கவிழ்த்துக் கண் வைத்தார். வால் இல்லை. நிமிர்ந்து நடக்கப் பழகினால் வால் தேவைப்படாது என்றார். கைக்கு மூன்று விரல். உயரம் ஒரு வளர்ந்த ஆள்.

அவருடைய அறைக் கூரை ஒழுக்கு. அதனால் அது காயும்வரை, ஆள் நிமிர்ந்து நிற்கக்கூடிய என் கோழிக்கூட்டில் நின்றது. முதல் நாள் கோழிகள் ஒதுங்கின. பிறகு அதன் தோளில் ஏறி உறங்கின. எனக்குத்தான் உறக்கம் இல்லை. சின்னதாகச் செய்திருக்கலாமே, முட்டையளவில் செய்திருக்கலாமே, சனம் பார்க்காதா என்று புலம்பினேன். ஆமி கண்டால் என்ன சொல்வது என்று கேட்டபோது, மாஸ்டர் ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"மூணு விரல் இரிக்கக்குள்ள ஆர் அக்கா இத மனிசன் எண்டு நினைப்பான்?"

விரலை எண்ணாதவர்கள்

ஒரு நாள் விடிய எழும்பும்போது ஆமிக்காரர் ஊரைச் சுற்றி வளைத்திருந்தார்கள். ஆண்கள் எல்லாரும் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போக வேண்டும். மாஸ்டரும் அடையாள அட்டையோடு போய்விட்டார். என் வளவுக்கு இரண்டு பேர் வந்தார்கள், இரண்டு பேரும் சின்ன வயது. ஒருவன் கோழிக்கூட்டைத் திறந்தான். உள்ளே இருட்டு. இருட்டுக்குள் ஓர் ஆள் கண்ணை விரித்துக்கொண்டு நிற்கிறான். சுட்டுவிட்டான்.

சூடு பட்டும் அந்த ஆள் விழவில்லை. சட்டம் மூங்கில் அல்லவா. அதில் இவன் இன்னும் பயந்து மறுபடி சுட்டான். இழுத்து வெளியே போட்ட பிறகுதான் கடதாசி என்று தெரிந்தது. மற்றவன் சிரித்தான். சுட்டவன் சிரிக்கவில்லை. நானும்தான்.

அதற்குள் மேலதிகாரி வந்தார். ஆள் உயரத்தில் ஓர் உருவம், அதன் நெஞ்சில் சூட்டு ஓட்டைகள். இயக்கப் பொடியன்கள் சுட்டுப் பழக வைத்திருந்த உருவம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஓட்டை யார் போட்டது என்று அவர் கேட்கவில்லை, சுட்டவனும் வாய் திறக்கவில்லை. மைதானத்திலிருந்து கூட்டி வந்த மாஸ்டர், தெரிந்த சிங்களத்தில், இது என்னுடையது, பள்ளிக்கூடத்துக்குச் செய்தது என்றார். என்னுடையது என்ற சொல் மட்டும் அவர்களுக்குப் போதுமாக இருந்தது. உருவத்தையும் அவரையும் ஒரே ட்ரக்கில் ஏற்றினார்கள். சிரித்தவன் போகும்போது, அந்தச் சூட்டில் செத்துக் கிடந்த என் கோழிகளைக் காட்டி, உடைந்த தமிழில் எனக்கு ஆறுதல் சொன்னான்.

"அம்மா, இது சமைக்கலாம். பழுது இல்ல."

சாட்சி

அடுத்த நாள் மாஸ்டரின் மனைவி களுதாவளையிலிருந்து வந்தாள். ஆமி முகாமுக்கு, காம்பு என்போம், அவளோடு நானும் வெளிக்கிட்டேன். பாக்கியம் மறித்தாள். கூடு உன்னுடையது, போனால் உன்னையும் உள்ளே வைப்பான் என்றாள். அது எனக்குத் தெரியாதா? முதல் நாளிலிருந்து வேறெதையும் நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த ஓட்டைகள் விழுந்ததை நம் சனத்தில் கண்டவள் நான் ஒருத்திதான். வெறுங்கையோடு போகப் பயந்து முட்டைக் கூடையையும் தூக்கிக்கொண்டேன்.

அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் உருவம் சுவரில் சாய்ந்து நின்றது. மொழிபெயர்க்க ஒருவர் இருந்தார், நம் ஆள்.

"இது என்ன எண்டு ஐயா கேக்கிறார்."

"டைனோசர்."

"டைனோசர் இப்பிடியா இரிக்கும்?"

"சாகாம இரிந்திருந்தா மறுகா இப்பிடி வந்திருக்குமாம்."

"வந்ததா?"

"இல்ல."

"வராத ஒண்டுக்கு ஏன் உருவம்?"

"வந்திருக்க ஏலுமா எண்டு பாக்க."

அதிகாரி திரும்பி அதைப் பார்த்தார். இதற்கு அறிவிருந்தால் என்ன செய்யும் என்று கேட்டார். எதைச் சொன்னாலும் வில்லங்கம் என்று எனக்குப் பட்டது. முட்டை போடும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. நெஞ்சு ஓட்டைகளைத் தொட்டுக் காட்டி, இது என்ன என்றார்.

"உங்கட ஆக்கள் சுட்டது" என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் என் பக்கம் திரும்பினார். செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்தார். பிறகு தாழ்ந்த குரலில் எனக்கு மட்டும் சொன்னார்: "அக்கா, அத நான் சொல்ல மாட்டன். உங்களுக்கும் கூடாது, எனக்கும் கூடாது. வேற ஏதும் சொல்லுங்க."

மாஸ்டரின் மனைவி என் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தாள். எனக்கு வேறென்ன தெரியும்? கோழி கொத்தினது என்றேன். மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே சொன்னார். அதிகாரி ஓர் ஓட்டைக்குள் விரலை விட்டார். முதுகுப் பக்கத்திலும் அதற்கு நேரே ஓர் ஓட்டை இருந்தது. விரலை வெளியே எடுத்து, துடைத்து, எதையோ மெதுவாகச் சொன்னார்.

"உங்கட கோழிக்கு நல்ல சொண்டு எண்டு ஐயா சொல்றார்."

திருப்பித் தந்தது

கொண்டு போகலாம் என்று அதிகாரி கையைக் காட்டினார். மாஸ்டரைத்தான் சொல்கிறார் என்று நினைத்தோம். மாஸ்டர் எந்தப் பக்கத்தால் வருவார் என்று அவருடைய மனைவி வாசலை வாசலைப் பார்த்தாள். இரண்டு சிப்பாய்கள் உருவத்தைத் தூக்கி வந்து எங்கள் முன்னால் வைத்தார்கள். மாஸ்டர் எங்கே என்று கேட்டேன். விடியவே வேறு காம்புக்கு அனுப்பிவிட்டார்களாம். எந்தக் காம்பு என்று இங்கே தெரியாதாம். மொழிபெயர்ப்பாளர் எங்களை வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

"இத விசாரிச்சு முடிஞ்சுது. அவர இனித்தான் விசாரிப்பாங்க."

பாரம்

தலைப்பக்கம் நானும் கால்பக்கம் அவளுமாகத் தூக்கிக்கொண்டு நடந்தோம். சென்றியில் நிலத்தில் கிடத்தச் சொல்லித் தட்டிப் பார்த்தார்கள். எதிரே வந்த சனம் பிரேதம் என்று நினைத்து வழிவிட்டது.

அதற்குப் பிறகு அவள் ஏறாத காம்பு இல்லை. முடிந்த இடத்துக்கெல்லாம் நானும் கூடப் போனேன். இங்கே அப்படி ஒருவர் இல்லை என்று எல்லா இடத்திலும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். அறையைக் காலி செய்ய வந்த அன்று அவருடைய உடுப்பைக் கட்டினாள். பிறகு உருவத்தையும் கொண்டு போகக் கயிறு கேட்டாள். இந்தச் சனியனை ஏன் சுமக்கிறாய், கண்டால் பிள்ளை பயப்படாதா என்று நான் ஏசினேன். அவள் கடைசி முடிச்சைப் போட்டுவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"அப்பா எங்க எண்டு ஒவ்வொரு நாளும் கேக்கிற புள்ள, இதக் கண்டா இது ஆரு எண்டு கேக்கும் அக்கா. அதுக்கெண்டாலும் என்னிட்ட மறுமொழி இரிக்கி."

டைனோசருக்கு மனித அறிவு வந்திருக்குமா என்று இனி யாராவது என்னிடம் கேட்டால், வந்திருந்தால் அவையும் ஆளைத் தங்களிடம் வைத்துக்கொண்டு கடதாசியை வீட்டுக்கு அனுப்பியிருக்கும் என்பதற்கு மேல் ஒரு கோழிக்காரிக்குச் சொல்லத் தெரியாது.