லாட்வியச் சொற்களும் என் பெரிய வாயும்

1. சிவப்புக் கட்டம்

நான் செய்த மொழிபெயர்ப்பு வேலை முதன்முதலாகத் திரும்பி வந்தது ஒரு மத்தியானத்தில். இருநூறு சொற்களில் ஒரே ஒரு கட்டத்துக்கு மட்டும் சிவப்பு அடித்து அனுப்பியிருந்தார்கள். பரீட்சைப் பேப்பரில் சிவப்பு பார்த்தே வளர்ந்தவன் என்பதால் எனக்குப் பெரிய அதிர்ச்சி ஏதுமில்லை.

செஞ்சி கடைவீதியில் டி.டி.பி. கடை வைத்திருந்தேன். மனு டைப் செய்வது, ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன். எல்லோர் கையிலும் செல்போன் வந்த பிறகு கடையில் ஈ ஓட்டுவதுதான் என் முழுநேர வேலையாக இருந்தது. அப்போதுதான் ஒரு ஏஜென்சி வழியாக இந்த வேலை கிடைத்தது. ஏதோ ஒரு செயலிக்கான பிரைவசி சொற்பட்டியல். முதல் பத்தியில் ஆங்கிலம். இரண்டாவதில் லாட்வியன். மூன்றாவதில் அந்த லாட்வியச் சொல்லுக்கு நேர் பொருள். தொழிலில் அதை பேக் டிரான்ஸ்லேஷன் என்போம். நான்காவது, தமிழுக்கானது, காலி. அது நான்.

லாட்வியாக்காரர்கள் முதலில் முடித்துவிட்டார்களாம், அதை மாதிரியாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். செய்தவர் பெயர் இல்ஸே. லாட்வியா எங்கே இருக்கிறது என்று மேப்பில் தேடினேன். ரஷ்யாவின் தோளில் சாய்ந்துகொண்டு கடலைப் பார்த்தபடி இருந்தது.

மத்தியான வெயிலில் கடை வாசலில் ராஜகிரிக் கோட்டை மலை உருகுவதுபோல ஆடும். மின்விசிறி பாதி வேகத்தில் சுற்றும். நான் இரண்டாவது பத்தியை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பேன். பியெக்ரிஷனா என்றால் சம்மதம். சீக்தட்னெ என்றால் குக்கி. அவர்கள் அதைத் தின்பதில்லை, 'பொடிக்கோப்பு' என்கிறார்கள். சவ்ருபீபா என்றால் ஒதுங்கித் தனித்திருத்தல். தள்ளித் தள்ளிக் கட்டிய வீடுகளுக்கும் அதே வேரிலிருந்துதான் பெயர் என்று இல்ஸே குறிப்பு எழுதியிருந்தார்.

அந்த ஒரு சொல்லிலேயே நான் அரைமணி நேரம் குடியிருப்பேன். வெள்ளையாக ஒரு காடு. நடுவே ஒரு வீடு. அடுத்த வீட்டுச் சாம்பார் என்னவென்று தெரியாத தூரத்தில் இன்னொரு வீடு. பனியை நான் பார்த்ததில்லை. எங்கள் ஃபிரிட்ஜின் ஃப்ரீசரைப் பெரிதாக்கி அதற்குள் நடந்து போவேன்.

சிவப்பு அடித்த விஷயத்துக்கு வருகிறேன். சீக்ரெட், பிரைவசி இரண்டுக்குமே நான் 'ரகசியம்' என்று போட்டிருந்தேன். லாட்வியனில் நொஸ்லேபும்ஸ், ப்ரிவாத்தும்ஸ் என்று இரண்டு சொல் இருக்கிறதே, உங்களிடம் ஏன் ஒன்று என்று கேட்டிருந்தார்கள்.

"எங்கள் ஊரில் இரண்டும் ஒன்றுதான்" என்று திமிராகப் பதில் போட்டேன்.

2. படித்துக் காட்டுவது

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. டைப் செய்ததை வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். நான் ஒருமுறை படிக்காமல் அனுப்பி, ஒருவருடைய தகப்பனார் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவர் தெருப் பெயர் போய்விட்டது. அன்றிலிருந்து சத்தமாகப் படிப்பேன். என் குரல் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும் என்பார்கள். அதைப் பாராட்டு என்றே நினைத்திருந்தேன்.

அஞ்சலை வந்தது இந்தச் சமயத்தில்தான். தன் கணவருடைய அண்ணன் கோவிந்தனின் தையல் கடையில் வேலை செய்பவர். எனக்கு நேர் எதிர்க் கடை.

"ஒரு லெட்டர் அடிக்கணும்ணே. செய்யாறு பக்கம் கார்மெண்ட் கம்பெனில சூப்பர்வைசர் வேலை. திங்கக்கெழம கூப்ட்டிருக்காங்க."

"கோவிந்தன்கிட்ட சொல்லிட்டியாம்மா?"

"வீட்டுக்காரருக்குத் தெரியும். மூத்தாருக்குக் கெடச்சப்புறம் நானே சொல்லிக்கிறேன். இப்பத் தெரிஞ்சா இன்னைக்கே மெஷின வுட்டு எழுந்திரும்பாரு. அதுவும் கெடைக்காம, இதுவும் இல்லாம நிக்கணும். மெதுவாப் படிண்ணே."

தலையாட்டினேன். டைப் அடித்தேன். வெயில், மின்விசிறி, ஃப்ரீசர். கை செஞ்சியில் இருந்தது, மனசு லாட்வியாவில். பெயர், விலாசத்தைக் கண்ணால் சரிபார்த்துவிட்டுப் பொருளிலிருந்து படிப்பது என் பழக்கம். பழக்கம் தானாகவே வாயைத் திறந்தது.

"பொருள்: தையல் பிரிவில் மேற்பார்வையாளர் பணி வேண்டி! பன்னிரண்டு ஆண்டுகள் ரவிக்கை தைத்த அனுபவமுள்ள நான், தற்போதைய வேலையை விட்டு விலகி உடனே சேரத் தயாராக உள்ளேன்!"

பின்னால் ஜெராக்ஸுக்கு நின்றிருந்தவர் பாத்திரக்கடை ரத்தினம். கோவிந்தனோடு தினமும் டீ குடிப்பவர்.

"யாருப்பா வேலைய வுட்டுப் போறது? அஞ்சலையா?"

அஞ்சலை முகத்தில் ரத்தமே இல்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். லாட்வியா மொத்தமும் உருகி என் காலடியில் ஓடியது.

"நான்தான்" என்றேன்.

"நீயா? இன்னா சொல்ற?"

"கடை படுத்துடுச்சு ரத்தினம். தையல் நமக்கு சின்ன வயசுலயே வரும்."

"ரவிக்கையா?"

"ரவிக்கைதான்."

"அப்ப இந்தப் பொண்ணு இன்னாத்துக்கு உக்காந்திருக்குது?"

"தையல் வார்த்தையெல்லாம் சரியா போட்டிருக்கனான்னு கேக்கறதுக்கு நான்தான் வரச் சொன்னேன்."

ரத்தினம் ஜெராக்ஸை மறந்துவிட்டுக் கிளம்பினார்.

3. ரவிக்கை மாஸ்டர்

சாயங்காலத்துக்குள் எனக்குப் புதுப்பெயர் வந்துவிட்டது. டீக்கடையில், "மாஸ்டர், நாடா வெப்பீங்களா, ஹூக்கு வெப்பீங்களா?" என்றார்கள். கோவிந்தனே ஒரு சட்டையோடு வந்தார்.

"சார், டெஸ்ட்டுன்னு வெச்சிக்குங்க. ஒரு பட்டன் வெச்சுக் காட்டுங்க."

வைத்தேன். சட்டையைவிட என் விரலில்தான் அதிகத் தையல் விழுந்தது. கடை வாசலில் சேர்ந்த கூட்டம் கைதட்டியது. எதிரே அஞ்சலை மெஷினை மிதித்தபடி குனிந்தே இருந்தார். தோள் மட்டும் குலுங்கியது. சிரிப்பு என்றுதான் நினைக்கிறேன்.

வீட்டில் மனைவி, "உங்க சட்டைக்குப் பட்டன் வெக்கிறதே நான். யார்கிட்ட கத விடுறீங்க?" என்றாள். அவளிடமும் சொல்லவில்லை. வாயை மூடி வைத்திருப்பது இவ்வளவு வலிக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அந்த வலியோடுதான் சிவப்புக் கட்டத்தை மறுபடி திறந்தேன். அஞ்சலை எதையும் ஒளிக்கவில்லை. வீட்டுக்காரருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், கோவிந்தனுக்கும் தெரியத்தான் போகிறது. யாருக்கு, எப்போது, யார் வாயால் என்பது மட்டும்தான் அவருடையது. அதைத்தான் நான் பிடுங்கிக் கடைவீதியில் வீசியிருந்தேன். 'ரகசிய'த்தை அழித்துவிட்டுத் 'தனியுரிமை' என்று அடித்தேன். என் சொல்லுக்கு நேர் பொருள் கேட்ட கட்டத்தில், 'தன் விஷயத்தைத் தான் நினைக்கும் நேரத்தில் தானே சொல்லும் உரிமை' என்று எழுதினேன். எங்கள் ஊரிலும் இரண்டு சொல் உண்டு, எனக்குத்தான் தெரியவில்லை என்று மன்னிப்பும் கேட்டேன். சிவப்பு பச்சையானது.

இரண்டு வாரம் கழித்து அஞ்சலைக்கு வேலை ஆர்டர் வந்தது. காகிதத்தை என்னிடம் காட்டினார். நான் வாயைத் திறக்காமல் கண்ணால் படித்துத் திருப்பிக் கொடுத்தேன். நேராக எதிர்க் கடைக்குப் போனார்.

வாசலிலிருந்து பார்த்தேன். அஞ்சலையின் உதடு அசைகிறது. கோவிந்தன் கத்திரிக்கோலைக் கீழே வைக்கிறார். நடுவே ஒரு பஸ் ஊர்ந்து போனது. ரத்தினம் என் தோளில் இடித்தார்.

"இன்னாய்யா பேசறாங்க? காது குடுத்துக் கேளேன்."

"அவங்க விஷயத்த அவங்க பேசறாங்க" என்றேன்.

கோவிந்தன் கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கழற்றினார். பிறகு காலால் முக்காலியை அஞ்சலை பக்கம் தள்ளினார். அஞ்சலை உட்கார்ந்தார்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். படித்துச் சரிபார்ப்பதை விட்டுவிடாதீர்கள், பிழை வராது. ஆனால் திரையை அவர்கள் பக்கம் திருப்பி வைத்து அவர்களையே மனசுக்குள் படிக்க விட்டுவிட்டு, நீங்கள் வாசல் பக்கம் திரும்பி உட்காருங்கள். முதல் ஒரு வாரம் கழுத்து வலிக்கும்.