கல்யானை பின்வாங்காது

என் அக்கா புருஷன் பல்செட் செய்கிறவர். ஊரில் பாதிப்பேர் சிரிப்பு தன் கைவேலை என்று சொல்லிக்கொள்வார். அந்தப் பீற்றல் போதாதென்று கைப்பேசியில் ஒரு யானையையும் வைத்துக்கொண்டு அலட்டினார்.

ஞாயிறு மாலைகளில் செல்போன் பழுது பார்க்கும் கடையின் மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி, கைப்பேசியில் மிருகச் சண்டை விளையாடுவோம். ஆளுக்கு மூன்று மிருகங்கள். ஒன்று களத்தில் நிற்கும். வேண்டாமென்றால் அதை உள்ளே இழுத்துக்கொண்டு வேறொன்றை இறக்கலாம். மாமாவின் கல்யானைதான் அந்த விளையாட்டிலேயே பெரிய தடியன். எடுத்ததும் அடிக்காது. மண்ணைப் பூசித் தோலை இறுக்கும். மறுபடியும் இறுக்கும். மூன்றாவதில் ஒரே மிதி, எதிரில் நின்றது காலி. இதற்கு மூளை வேண்டியதில்லை, கட்டைவிரல் போதும். மாமா பேசுவதைக் கேட்டால் என்னவோ அந்த யானையைப் பெற்று வளர்த்தவர் போல இருக்கும்.

"கல்யானை பின்வாங்காதுடா. உள்ள இழுக்கறதெல்லாம் கோழைங்க வேலை" என்பார்.

பதினோரு வாரம் அவரை யாரும் ஜெயிக்கவில்லை. நான் மட்டும் ஒன்பது முறை மண்ணைக் கவ்வினேன். ஒவ்வொரு முறையும், "அடுத்த வாரம் உங்கக்காவை அனுப்பு" என்று முப்பத்திரண்டும் தெரியச் சிரிப்பார்.

அந்த மாதம் இப்படி ஆட்டம் நடக்கும் கடைகளுக்கு இடையே பெரிய போட்டி வந்தது. கடைக்கு ஒருவர்தான் போகலாம்; அதற்கு முந்தின ஞாயிறு ஜெயிக்கிறவர். மாமா தானே போவதாக முடிவே கட்டிவிட்டார். பல் டாக்டரிடம் லீவு சொன்னார், சட்டை தைக்கக் கொடுத்தார். பல்செட்டுக்கு அளவு கொடுக்க வந்தவர் வாயில் அச்செடுக்கும் மாவைத் திணித்துவிட்டு, "எங்க கடைக்கு நான்தான்" என்று அவரிடமும் சொன்னார். பாவம், அவரால் எழுந்தும் போக முடியவில்லை.

எனக்கு வயிறு எரிந்தது. அந்த இடம் எனக்கு வேண்டும். தேடிப் பிடித்தேன், ஒரு தவளையை. யாரும் மதிக்காத ஜந்து. அதற்குத் தெரிந்த பெரிய வித்தை பழிப்புக் காட்டுவது. அது நாக்கை நீட்டினால் எதிரே நிற்கும் மிருகத்துக்கு ரோஷம் வந்து, தோலை இறுக்க முடியாமல் போகும்; அடிக்க மட்டுமே முடியும். இறுக்காத கல்யானை வெறும் மண்மூட்டை. தவளை துள்ளித் துள்ளி விஷத்தைத் துப்பியே சாய்த்துவிடும். ஆனால் உள்ளே இழுத்துக்கொண்டால் யானையின் ரோஷம் தணிந்துவிடும்; அவ்வளவுதான், என் கதை முடிந்தது.

அந்த ஞாயிறு தவளையைப் பார்த்ததுமே மாமாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. விரல் உள்ளே இழுக்கும் பொத்தான் பக்கம் போனது.

"என்ன மாமா, கோழைங்க வேலையா?" என்றேன்.

மாடியே சிரித்தது. மாமாவின் காது சிவந்தது.

"பின்வாங்காதுன்னா பின்வாங்காது!" என்று விரலை எடுத்துவிட்டார்.

சற்று நேரத்தில் யானை சாய்ந்தது. மற்ற இரண்டும் பேருக்கு வைத்திருந்தவை, வந்த சுவடு தெரியாமல் போயின. மாமா போய்ச் செருப்பைத் தேடினார். எனக்கு இரக்கமே வரவில்லை. உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

பெரிய போட்டிக்கு நானும் புதுச் சட்டையில்தான் போனேன். முதல் ஆட்டத்தில் எதிரே ஒரு நர்ஸ், சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள். அவளிடமும் கல்யானை. என் தவளை நாக்கை நீட்டியது.

"என்ன, பயமா?" என்றேன்.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. யானையை உள்ளே இழுத்து ஒரு கொக்கை இறக்கினாள். ஒரே கொத்து, தவளை போயிற்று. பிறகு யானை திரும்பி வந்து ஆற அமரத் தோலை இறுக்கிக்கொண்டு என் மற்ற இரண்டையும் மிதித்தது. இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போனவன் நாலு நிமிடத்தில் வெளியே நின்றேன்.

நான் திரும்பி வந்தபோது மாமா பட்டறையில் ஒரு பல்வரிசையை உரசிக்கொண்டிருந்தார்.

"என்னடா ஆச்சு?"

"தோத்துட்டேன், ஒரு நர்ஸ்கிட்ட. யானைதான். உள்ள இழுத்துட்டா."

மாமா பல்லைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"நீ யானையை ஜெயிச்சேன்னு நெனச்சியா? என்னைத்தானேடா ஜெயிச்சே. அங்க நான் இல்லையே."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

"மூடு. கடைவாய்ல சொத்தை தெரியுது" என்றார்.