ஆள் இருக்கும் வீடு

பூட்டிக் கிடக்கிற வீடு பாதி போன வீடு என்று வக்கீல் குமாஸ்தாக்கள் சொல்வார்கள். சொந்தக்காரர் வெளிநாட்டில் இருப்பார், அல்லது படுத்த படுக்கையாக இருப்பார், அல்லது அண்ணன் தம்பி வழக்கில் தீர்ப்பு வராமல் இழுத்துக்கொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்து எவனாவது பூட்டை உடைத்து உள்ளே படுக்கையை விரித்துவிட்டால் அவனை எழுப்புவதற்குள் ஒரு தலைமுறை போய்விடும். அதனால் நம்பகமான ஆளாகப் பார்த்து முன்கூட்டியே உள்ளே குடிவைத்துவிடுவது வழக்கம். அப்படி வீடு வீடாகக் குடியிருப்பதுதான் அவள் தொழில். நீதிமன்றத்தைச் சுற்றியிருந்தவர்கள் அவளைக் குடித்தனக்காரி என்றார்கள். கேலியாகத் தொடங்கியது. பிறகு அதுவே பெயராகிவிட்டது.

வேலை சுலபம்போலத் தெரியும். காலையில் எல்லா ஜன்னல்களையும் திறக்க வேண்டும். தான் இல்லாத அறையில் விளக்கு எரிய வேண்டும். கொடியில் துணி காய வேண்டும், அதில் ஓர் ஆண் சட்டையும் இருக்க வேண்டும். அதற்காக ஒரு கட்டம்போட்ட சட்டையை வீட்டுக்கு வீடு கொண்டுபோனாள். இன்னொருத்தியோடு போன கணவன் அவளுக்கு விட்டுப்போனதில் உருப்படியான பொருள் அது ஒன்றுதான்.

எல்லாவற்றையும்விட முக்கியம், தெருவில் ஒரு முறை சொல்லிவிடுவது. கூலிக்கு இருப்பவள் என்று தெரிந்தால் விரட்டத் துணிவார்கள். உறவுக்காரி என்றால் யோசிப்பார்கள். எனவே போன அன்றே எதிர்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் போய், "எங்க பெரியப்பா வீடுங்க," என்றோ "அத்தை வீடு, அவங்க வர்ற வரைக்கும் நான் இருக்கேன்," என்றோ போட்டுவைப்பாள். முகம் பார்க்காத பெரியப்பாக்கள் அவளுக்கு ஊர் முழுக்க இருந்தார்கள். ஒரு தெருவில் மட்டும் மறதியாக இடதுபக்க வீட்டில் மாமா என்றும் வலதுபக்க வீட்டில் அண்ணன் என்றும் சொல்லிவிட்டாள். அவள் குடும்பத்தைப் பற்றி அந்தத் தெருவில் வேறுமாதிரி பேசிக்கொண்டார்கள்.

சந்தேகப்படுவது அவளுக்கு மூச்சு விடுவதுபோல. மீட்டர் பார்க்க வந்தவனை வாசலிலேயே நிறுத்தி எண்ணைத் தானே படித்துச் சொல்வாள். தண்ணீர் கேட்டவர்களுக்கு ஜன்னல் வழியாகத் தண்ணீர் கொடுப்பாள். உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டவனை எழுப்ப முடியாது என்பது அவளுக்குத் தெரியும். அவளே அப்படி உட்கார்ந்தவள்தானே.

ஆனால் அவளை அந்த வீடுகளில் வைக்கிற குமாஸ்தாவை மட்டும் அவள் சந்தேகப்பட்டதில்லை. எண்ணெய் தடவி வாரிய தலை, அக்குளில் ஒரு தோல்பை, பேச்சுக்கு ஒரு அக்கா. அவள் மகளுக்குக் கல்யாணம் செய்தபோது பந்தியில் நின்று பரிமாறியவன்.

இந்த வீட்டின் சாவியைக் கொடுத்தபோது அவன் புதிதாக ஒன்று சொன்னான்.

"தெருவுல சித்தப்பா வீடுன்னு சொல்லிடுங்கக்கா. உங்க அப்பாவோட கூடப்பிறந்த தம்பி."

"மாமான்னு சொன்னா ஆகாதா?"

"சித்தப்பாதான் சரியா இருக்கும். ரத்த உறவு."

எந்த உறவைச் சொல்வது என்பதில் அவன் ஒருநாளும் தலையிட்டதில்லை. ஏன் என்று நினைத்தாள். வீடு நன்றாக இருந்தது. மேலே கேட்கவில்லை.

மாடி இல்லாத, மூன்று அறை வீடு. சமையலறையில் வெயில் விழும். எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருத்தி இருந்தாள். யாருக்கு யார் என்ன உறவு என்று தெரியாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. குடித்தனக்காரி சித்தப்பா கதையைச் சொன்னதும் அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க அது போய்ச் சேர்ந்தது.

கொஞ்ச காலம் கழித்து மகள் வந்தாள். கையில் ஒரு பை, கண்ணுக்குக் கீழே ஒரு கன்றிய தடம். புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போகப் போவதில்லை என்றாள்.

"எத்தனை நாள் இங்க இருக்கலாம்மா?"

"வழக்கு முடியற வரைக்கும்."

"எந்த வழக்கு?"

மற்ற வீடுகளில் வழக்கு என்னவென்று அவளுக்குத் தெரிந்திருக்கும். இந்த வீட்டைப் பற்றிக் குமாஸ்தா எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அடுத்து குமாஸ்தா, வீட்டுக்குச் சொந்தக்கார ஐயா இவர்தான் என்று ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தான். வெளுத்த வேட்டி சட்டை, சவரம் செய்த முகம், மெலிந்த வயதானவர். உட்காரச் சொன்னதும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அவள் டீ போட்டுக் கொடுத்தாள். குமாஸ்தா போன் பேச வெளியே போய்விட்டுத் திரும்பியபோது ஐயா எழுந்து நின்றார். பிறகு ஏதோ நினைவு வந்தவர்போல மறுபடி உட்கார்ந்தார். டீயைக் குடித்து முடித்ததும் டம்ளரைச் சமையலறைக்கு எடுத்துப்போய்க் கழுவி, தண்ணீரை ஒரு உதறு உதறி, மேடையில் கவிழ்த்து வைத்தார். ஆயிரம் டம்ளர் கழுவிய கை அது.

அவர்கள் போனதும் மகள், "இவரா இந்த வீட்டுக்குச் சொந்தக்காரர்?" என்றாள்.

"பெரிய மனுஷங்களும் டம்ளர் கழுவுவாங்க."

"கழுவுவாங்க. கழுவிட்டு உன்கிட்ட, 'வேற வேலை இருக்காம்மா'ன்னு கேப்பாங்களா?"

அவர் அப்படிக் கேட்டது உண்மைதான். அவளும் கேட்டிருந்தாள். முதுமை, தடுமாற்றம் என்று தனக்கே சமாதானம் சொல்லி வைத்திருந்தாள். மகள் சொன்ன பிறகு அந்தச் சமாதானம் நிற்கவில்லை.

மறுவாரம் குமாஸ்தா பழம் வாங்கிக்கொண்டு வந்தான். அவன் பழம் வாங்கி வந்து அவள் பார்த்ததில்லை.

"ஐயா வீட்டை விக்கறாருக்கா. பதிவு ஆபீஸ்ல அவரைத் தெரியும்னு ஒருத்தர் சாட்சி சொல்லணும். சும்மா ஒரு சம்பிரதாயம்."

"நான் எதுக்கு? உங்களுக்குத்தான் அவரை நல்லாத் தெரியுமே."

"நான் வக்கீல் ஆபீஸ் ஆளு. நான் நின்னா நல்லா இருக்காது. நீங்க அண்ணன் மகள். தெருவே சொல்லும்."

"நான் அண்ணன் மகள் இல்லைன்னு உங்களுக்குத் தெரியும் தம்பி."

அவன் சிரித்தான். "நான் ஒருத்தன் தெரிஞ்சுக்கிட்டு என்னக்கா பண்ணப் போறேன்." போகும்போது மகளைப் பார்த்துவிட்டு, "பொண்ணும் கூட இருக்கு. இப்ப போய் வேற வீடு தேட முடியுமா? வாங்கற புது ஆளும் உங்களையே குடித்தனம் இருக்கச் சொல்றாரு," என்றான்.

அவள் ஒரு ஆப்பிளை எடுத்துக் கழுவினாள். நறுக்கவில்லை. ரத்த உறவு என்று அன்றைக்கே ஏன் சொன்னான் என்பது இப்போது விளங்கியது. அவள் காவலுக்கு வைக்கப்பட்டவள் அல்ல. சித்தப்பா என்று தெருவெல்லாம் சொல்லிச் சொல்லி, ஒரு நாள் ஆபீஸில் போய்ச் சொல்வதற்காக வளர்க்கப்பட்டவள்.

"சொல்லிடேன்மா," என்றாள் மகள். "ஒரு வார்த்தைதானே. நாம எங்க போவோம்?"

"மாட்டினா?"

"அவங்களும்தானே மாட்டுவாங்க."

"அந்தக் கிழவர் பேர் பொய். வாங்கறவன் யாருன்னே தெரியாது. குமாஸ்தா எதுலயும் கையெழுத்துப் போடலை. எல்லாத்துலயும் என் பேர் ஒண்ணுதான் நிஜப் பேர்."



பதிவு அலுவலகத்தில் நிற்க இடமில்லை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அதிகாரி ஒருவர் முகத்தைப் பார்க்காமலே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். ஐயா புதுச் சட்டை போட்டிருந்தார். மடிப்புக் கோடு கூடக் கலையவில்லை. குமாஸ்தா சுவர் ஓரமாக, கூட்டத்தோடு சேராமல் நின்றான். அவனுக்கு இவர்களைத் தெரியாது என்று யாரும் சத்தியம் செய்வார்கள்.

"இவரை உங்களுக்குத் தெரியுமா?" என்றார் அதிகாரி.

ஐயா அவளைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வையா, சொல்லிவிடாதே என்கிற பார்வையா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை. மகளின் முகத்தை நினைத்தாள். சமையலறை வெயிலையும் நினைத்தாள்.

"இவரு ஒரு தடவை வீட்டுக்கு வந்தாரு சார். டீ குடிச்சாரு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அதிகாரி முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "உறவுன்னு சொன்னாங்களே."

"அவங்க சொன்னாங்க."

அவர் காகிதங்களை ஒன்றாகத் தட்டித் திருப்பித் தள்ளினார். "தெரிஞ்ச சாட்சியோட வாங்க. அடுத்தது யாரு?" அவ்வளவுதான் நடந்தது. பின்னாலிருந்தவர்கள் முண்டினார்கள். ஐயா வாசல்வரை மெல்ல நடந்தார். வாசலைத் தாண்டியதும் அந்த நடை ஓட்டமானது. அவரை அவள் பிறகு பார்க்கவில்லை.

அன்று மத்தியானமே குமாஸ்தா வீட்டு வாசலில் நின்றான். அவள் கேட்டைத் திறக்கவில்லை.

"வீட்டை ஒப்படைச்சிடுங்க."

"யார்கிட்ட?"

"என்கிட்டதான். வேற யார்கிட்ட?"

"வீடு உங்களோடதா தம்பி?"

"ஐயாவோடது."

"அப்ப ஐயாவைக் கூட்டிட்டு வாங்க. டம்ளர் கழுவறவரு வேண்டாம். நிஜ ஐயா."

அவன் முகம் சிறுத்தது. "போலீஸைக் கூட்டிட்டு வந்தா தெரியும்."

"கூட்டிட்டு வாங்க. இது என் சித்தப்பா வீடுன்னு தெருவே சொல்லும். நீங்க யாருன்னுதான் யாருக்கும் தெரியாது."

"உங்களுக்கு இவ்வளவு செஞ்சேன்," என்றான். பையை மறு அக்குளுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டான்.

அவள் அன்றே பூட்டை மாற்றினாள். காவல் நிலையத்துக்குப் போகலாம் என்று தோன்றியது. போனால் முதலில் யாரைப் பிடிப்பார்கள் என்பதும் தெரிந்தது. அதனால் போகவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். குமாஸ்தா வரவில்லை. யாரும் வரவில்லை. கேட் சத்தம் கேட்டால் மட்டும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

மகள் மெல்ல மெல்ல வீட்டைப் பிடித்துக்கொண்டாள். கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தினாள். சுவரில் ஆணி அடித்துக் கண்ணாடி மாட்டினாள். ஒரு நாள் வெங்காயம் நறுக்கியபடியே சொன்னாள்.

"நாமளே இருந்துட்டா என்னம்மா? கேக்கத்தான் ஆளில்லையே. கொஞ்ச வருஷம் போனா நம்மளுதுதான்."

"இந்தப் பேச்சு உனக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?"

"நீதான். சின்ன வயசுலேர்ந்து வேற என்ன பேசியிருக்கே வீட்டுல?"

அவள் மகளைப் பார்த்தாள். வழக்கு வீடுகளில் பூட்டை உடைத்து உட்கார்ந்தவர்கள் இதே நிதானத்தோடுதான் பேசுவார்கள். ஆனால் மகளைத் திட்ட வாய் வரவில்லை. காலையில் பால்காரனிடம், "நம்ம வீட்டு வாசல்ல வண்டியை நிறுத்தாதே," என்று சொன்னது மகள் அல்ல, அவள்தான்.

ஒரு காலை நேரம் வாடகைக் கார் ஒன்று வந்து நின்றது. சக்கரப் பெட்டியோடு ஒருத்தி இறங்கினாள். மகளைவிடக் கொஞ்சம் வயது கூடுதல். பயணக் களைப்பு முகத்தில் இருந்தது. கேட்டை ஆட்டிப் பார்த்துவிட்டு, "யாரு நீங்க?" என்றாள்.

"நீங்க யாரு?"

"இது எங்க அப்பா வீடு."

குமாஸ்தா அனுப்பிய ஆள் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. கிழவரை வைத்துப் பருப்பு வேகவில்லை, இப்போது ஒரு மகளைத் தயார்செய்து அனுப்பியிருக்கிறான்.

"உங்க அப்பா எங்கே?"

"முதியோர் ஹோம்ல இருக்காரு. ரொம்ப நாளா யாரையும் அடையாளம் தெரியலை. வீட்டை யாரோ விலை பேசறதா போன் வந்தது. அதான் வந்தேன்."

"இங்க யாருக்காவது உங்களைத் தெரியுமா?"

"எப்படித் தெரியும்? நான் வெளிநாடு போனப்புறம் கட்டின வீடு. அப்பாவும் இங்க குடியிருந்ததில்லை, நான் வந்ததே இல்லை."

யார் வேண்டுமானாலும் இதைச் சொல்லலாம். உண்மையான மகளும் இதைத்தான் சொல்வாள். எதிர்வீட்டு டீச்சர் இதற்குள் வாசலுக்கு வந்துவிட்டாள்.

"யாரும்மா, உங்க சித்தப்பா பொண்ணா? தங்கச்சியையா வெளியில நிறுத்தி வெச்சிருக்கே?"

"சித்தப்பாவா?" வந்தவள் பெட்டியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டாள். "எங்க அப்பா ஒத்தைப் பிள்ளை. அவருக்கு அண்ணன் கிடையாது. யாருங்க இவங்க?"

டீச்சர் ஒரு படி இறங்கினாள். கதவுக்குப் பின்னாலிருந்து மகள் மெதுவாக, "தங்கச்சி இல்லைன்னு சொல்லும்மா. ஏமாத்த வந்தவள்னு சொல்லு," என்றாள். சொல்லியிருக்கலாம். தெரு இவள் பக்கம்தான் நின்றிருக்கும். பெட்டியோடு வந்தவளைக் கார் ஏற்றி அனுப்பியிருக்கும்.

"டீச்சர்," என்றாள் அவள். "அவரு எனக்குச் சித்தப்பா இல்லை. அவரை நான் பார்த்ததே இல்லை. நான் கூலிக்குக் குடியிருக்கறவ."

டீச்சர் வாயில் விரலை வைத்தாள். கதவுக்குப் பின்னால் மகள் கையிலிருந்த காய் நறுக்கும் கத்தி தரையில் விழுகிற சத்தம் கேட்டது.

"அப்ப திறங்க," என்றாள் வந்தவள்.

"திறக்க மாட்டேன். நீங்க அவரு மகள்தான்னு எனக்கு எப்படித் தெரியும்? வாங்க, ஸ்டேஷனுக்குப் போவோம். அங்க சொல்லுங்க. நானும் சொல்றேன்."

"நான் அந்தப் பக்கம் போனதும் உங்க ஆளுங்க உள்ளே பூந்துட்டா?"

நியாயமான சந்தேகம். அவள் மனதில் வந்தவளைப் பற்றி ஒரு நல்ல எண்ணம் வந்தது அதனால்தான். மகளை வெளியே வரச் சொன்னாள். கேட்டைப் பூட்டினாள். வந்தவள் சாவியைக் கேட்டாள், இவள் கொடுக்கவில்லை. டீச்சர் தன்னிடம் கொடுக்கலாமே என்றாள். அதற்கு இரண்டு பேருமே சம்மதிக்கவில்லை. கடைசியில் வந்தவள் தன் பெட்டியில் தொங்கிய சின்னப் பூட்டைக் கழற்றி, கேட்டில் பெரிய பூட்டுக்குப் பக்கத்திலேயே மாட்டி அழுத்தினாள்.

மகள் தன் பையோடு நின்றாள். அம்மாவின் துணிகளையும் அதிலேயே திணித்திருந்தாள்.

"எதுக்குடி இது? ஸ்டேஷன்வரைக்கும்தானே?"

"திரும்பி வருவோமா?" என்றாள் மகள்.

அவள் பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேரும் நடந்தார்கள். வந்தவள் முன்னால் போகவும் இல்லை, இவர்களைப் பின்னால் விடவும் இல்லை. தெரு குறுகலாக இருந்தது. எதிரே வண்டி வந்தபோதுகூட யாரும் விலகி நடக்கவில்லை.