காசியைத் தேடி சென்னீர்குப்பம்: ஓசோன் பிரித்த இரண்டு மெக்கானிக்குகள்

1996 ஆகஸ்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்பத்தூரிலிருந்து சென்னீர்குப்பம் போனேன். காசியைப் பார்க்க. பாடியில் ஒரே பட்டறையில் ஆறு வருடம் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்த்தவர்கள் நாங்கள். அவன் பட்டறையை விட்டுப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது.

பழைய ஃப்ரிட்ஜைப் பிரிக்கும்போது உள்ளே குளிரூட்டுவதற்காக இருக்கும் கேஸை அப்படியே காற்றில் திறந்துவிடுவோம். வாசனை கிடையாது, கண் எரியாது, யாரும் கவலைப்பட்டதில்லை. காசி ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்வந்த அன்று டீக்கடையில் சொன்னான்:

"இந்த கேஸு கீழ எதுகூடயும் சேராது மாமே. அதான் அழியாம வருசக்கணக்குல மேல ஏறிப் போவுது. அங்க வெயிலு அதப் பிச்சிடும், அதுக்குள்ள கீற குளோரின் தனியா வந்துடும். கெட்ட வெயில் நம்ம மேல படாம மேல தடுக்குற ஓசோன்ல மூணு ஆக்சிஜன் கீதுல்ல, அதுல ஒண்ண இது உருவிக்கும். அப்பால அத வேற ஆக்சிஜன் கையில குட்த்துட்டு, அடுத்த ஓசோனாண்ட போவும். ஆயிரக்கணக்குல காலி பண்ணும், அது மட்டும் அப்டியே கீது."

மறுநாளே, கேஸைத் திறந்துவிட மாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டான். அன்று சாயங்காலமே வேலை போயிற்று. நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அம்பத்தூரில் காலை 8.10 மின்சார ரயில். திருமுல்லைவாயல், அண்ணனூர், அடுத்தது ஆவடி. பதினைந்து நிமிடம். ஆவடியில் பூந்தமல்லி பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் நிற்க வேண்டியிருந்தது (ஞாயிறென்றால் இதற்குத் தயாராகப் போங்கள்). டிக்கெட் இரண்டு ரூபாய், தூரம் ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர். அவனிடம் என்ன சொல்வதென்று வழியெல்லாம் யோசித்தபடி இருந்தேன். கண்டக்டர்தான் உலுக்கினார்: "இன்னா அண்ணாத்தே, சென்னீர்குப்பம் கேட்டியே, எறங்கலியா?"

நெடுஞ்சாலையை ஒட்டி காசி போட்ட ஒரு சின்ன ரிப்பேர் கடை. காசியின் மனைவி அமுதா வாசலில் நின்றிருந்தாள்.

"வாங்கண்ணா. அவரு வேலைக்கு மஸ்கட்டு போயி பத்து நாளாவுது. ஞாயித்துக்கெழமைன்னா ரோட்டத்தான் பாத்துகினு இருப்பாரு. நீங்க வருவீங்கன்னு."

கடைக்குள் போனேன். உள்ளே ஒரு பழைய கம்ப்ரஸரும் சிலிண்டரும் குழாயால் இணைக்கப்பட்டிருந்தன. கேஸை வெளியே விடாமல் பிடித்து வைக்க அவனே செய்தது. பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ் ஒன்று பாதியில் நின்றிருந்தது. அதை முடிக்க நானே உட்கார்ந்தேன். பத்து நிமிட வேலைக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. ஒரு துளியும் வெளியே போகவில்லை. அமுதா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "அவரும் இப்டியேதான் குந்திகினு இருப்பாரு" என்றாள்.

திங்கட்கிழமை நானும் பட்டறையில் அதையே சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பிறகு பதினோரு வருடம் அந்தச் சென்னீர்குப்பம் கடையை நடத்தினேன். காசி லீவில் இரண்டு முறை வந்தான். பேசினோம், சிரித்தோம். ஆனால் ஒன்றாக உட்கார்ந்து வேலை செய்ய அவனுக்கு நாள் இருந்ததே இல்லை.

அந்தப் பக்கம் போகிறவர்கள் காலை ஒன்பதுக்குள் ஆவடியில் இருங்கள். வெயில் ஏறிவிட்டால் பஸ் நிறுத்தத்தில் நிழல் கிடையாது. யாரையாவது பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் அடுத்த ஞாயிறு என்று தள்ளாதீர்கள். பாடியில் நான் திறந்துவிட்ட கேஸ் நூறு வருடம்கூட மேலே இருக்குமாம். அதைப் பிடிக்க இனி எந்த சிலிண்டராலும் ஆகாது.