அம்சவல்லி போட்ட கட்டு

அம்சவல்லியிடம் வாய் கொடுத்து மீண்டவர் எங்கள் ஜவ்வாது மலையில் யாருமில்லை. ஜீப்பில் முன்சீட்டுக்காக, ஓட்டுகிற என்னையே நாலு பேர் முன்னால் கிழித்திருக்கிறாள். ராட்சசி என்றுதான் நினைத்திருந்தேன்.

போன மாசியில் புளி உலுக்க ஏறிய அவள் புருஷன் தமிழ்மணி, கிளை முறிந்து விழுந்தான். இடுப்பில் செருகியிருந்த அரிவாள் தொடையின் உட்புறம் இறங்கிவிட்டது. ரத்தம் பீய்ச்சியடித்தது. ஆளாளுக்குக் காபித்தூள், சுண்ணாம்பு என்று கத்த, அம்சவல்லி மூட்டைக் கயிற்றைக் காயத்துக்கு மேலே கட்டி, குச்சி செருகி முறுக்கினாள். ரத்தம் நின்றது.

"பிலிப்பண்ணா, வண்டிய எடு!"

அமிர்தி வழியாக வேலூருக்கு விரட்டினேன். மலை இறங்குவதற்குள் கால் நீலம் பாரித்தது. பின்னால் இருந்த தமிழ்மணியின் அண்ணன் விஜயராஜ், "பாம்புக்கடிக்குக் கட்னா நடுவுல அவுத்து வுடுவோம்ல? இல்லாங்காட்டி கால் செத்துடும்" என்று குச்சியைத் தளர்த்தினான். மலையில் எல்லோரும் செய்வதுதான், அவனைச் சொல்லி என்ன! அடுத்த நொடி என் பிடரியில் சூடாக ரத்தம் தெறித்தது.

"இது பாம்பா மாமா? கைய எடுங்க!" அம்சவல்லி அவனைத் தள்ளிவிட்டு மறுபடி முறுக்கினாள். தமிழ்மணிக்குக் கண் செருகியது. ஆஸ்பத்திரி வரை அவள் குச்சியை விடவில்லை.

அங்கே மற்ற காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்து, அறுந்த இடத்தில் ஒட்டுப் போட்டார்கள். பாதம் வரை ரத்தம் ஓடியது என்றார்கள். கும்பிட்டோம். மறுநாள் டாக்டர் கோகிலவாணி எங்களைக் கூப்பிட்டார்.

"கட்டு இல்லேன்னா இவர் வந்தே சேர்ந்திருக்க மாட்டாரும்மா. ஆனா ரொம்ப நேரம் ரத்தம் போகாம சதை செத்துப்போச்சு. அந்த விஷம் உடம்புல ஏறுது. கால எடுத்தாத்தான் ஆள் பிழைப்பார்."

"எடுங்க" என்றாள். குரல் நடுங்கவில்லை. எனக்குத்தான், ஐயோ, மரமேறுகிறவன் ஆயிற்றே என்றிருந்தது!

கண் விழித்த தமிழ்மணி போர்வையைத் தடவிப் பார்த்தான்.

"யாரு எடுக்கச் சொன்னது?"

"நான்தான்."

"காலில்லாதவன வெச்சிக்கினு இன்னாடி பண்ணுவ?"

"சண்ட போடுவேன். அதுக்கு இன்னாத்துக்கு காலு?"

சிரிக்கத்தான் அவன் வாயைத் திறந்தான். அழுகைதான் வந்தது. அவள் அவன் தலையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நான் வெளியே வந்துவிட்டேன்.