எக்ஸ்ட்ரார்டினரி கிட்டுசாமி

"கொஞ்சம் ஒட்டி நில்லுங்க. அண்ணா, நீங்க இந்தப் பக்கம்" என்று கையை ஆட்டியபடியே கிட்டுசாமி பின்னால் நகர்கிறார். அமெரிக்காவில் அவர் குடியிருக்கும் கேட்டி நகரில் எந்தத் தமிழர் வீட்டு விசேஷமானாலும், எல்லோரும் சேர்ந்து படம் எடுக்கும் நேரத்தில் அத்தனை கைப்பேசிகளும் அவரிடம் வந்துவிடும். மார்போடு அணைத்துக்கொண்டு, ஒன்று மாற்றி ஒன்றாக எடுப்பார். "நீங்களும் வாங்க" என்று கூப்பிட்டால், "இருக்கட்டுமுங்க, என்னைய யாரு பார்க்கப் போறாங்க?" என்பார். இத்தனை வருட அமெரிக்க வாழ்க்கையில் படங்களில் விழுந்தது பெரும்பாலும் அவர் நிழல்தான்.

சட்டைப்பையில் டயருக்குக் காற்று பார்க்கும் கருவி ஒன்று எப்போதும் இருக்கும். விருந்துக்குப் போன வீட்டில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, வாசலில் நிற்கும் கார்களை ஒரு சுற்றுச் சுற்றிவிடுவார். பூமிக்கடியில் எரிவாயு ஓடும் குழாய்களில் கசிவு உண்டா என்று திரையில் பார்த்துக்கொண்டிருப்பது உத்தியோகம். என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு, "ஒண்ணும் நடக்காம பார்த்துக்கறதுங்க" என்று பதில் வரும். வழக்கத்துக்கு மாறாக எது தென்பட்டாலும் திரையில் சிவப்பு எரியும். பச்சையாகவே கழிந்த நாள்தான் நல்ல நாள். சாப்பிடும்போது மனைவி வசந்தாமணி, "இன்னைக்கு ஆபீஸ்ல என்னங்க?" என்பாள். "ஒண்ணுமில்ல" என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிறைவு தெரியும்.

அப்படிப்பட்டவரை இப்போது 'எக்ஸ்ட்ரார்டினரி' என்ற சொல் பிடித்து ஆட்டுகிறது.

மகள் வெண்பாவுக்கு அடுத்த வருடம் இருபத்தொன்று முடிகிறது. அதற்குள் கிரீன் கார்டு வராவிட்டால் அவள் அப்பாவின் விசாவில் ஒட்டிக்கொண்டிருக்க முடியாது. வேறு விசா கிடைக்கவில்லையென்றால், நடை பழகியதிலிருந்து தனக்குத் தெரிந்த ஒரே நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். வழக்கமான வரிசை அதற்குள் நகராது. அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கு வேறொரு வரிசை உண்டு. அதில் நிற்க, தான் ஆயிரத்தில் ஒருவர் என்று ஆதாரம் காட்ட வேண்டும்.

"உங்களைப் பத்தி மத்தவங்க தர்ற லெட்டரை நீங்களே டிராஃப்ட் பண்ணிடுங்க சார். அவங்க சைன் பண்ணுவாங்க. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்றார் வக்கீல் ஷ்யாமளா.

கிட்டுசாமி எழுதி அனுப்பினார்: கிட்டுசாமி நல்ல மனிதர், நேரத்துக்கு வருவார்.

"சார், இது வாட்ச்மேன் வேலைக்குத் தர்ற லெட்டர்" என்று ஷ்யாமளா சிரித்தார். "எக்ஸ்ட்ரார்டினரின்னு போடுங்க."

அடுத்த முறை, ஒரு பெரிய கசிவைக் கண்டுபிடித்த கதையில் பாதியை உடன் வேலை பார்த்த கஸ்தூரிரங்கனுக்குக் கொடுத்திருந்தார்.

"அவருதானுங்க முதல்ல சந்தேகப்பட்டாரு. அதை எப்படி உடறது?"

"உடாதீங்க. கிரீன் கார்டு அவருக்கு வரட்டும்."

அதன் பிறகு அந்தச் சொல்லைப் புதுச் செருப்புப்போல வீட்டுக்குள் போட்டு நடந்து பார்த்தார். "சாம்பார் எக்ஸ்ட்ரார்டினரி" என்றார் ஒரு நாள்.

வசந்தாமணி கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏனுங்க, உப்பு ஜாஸ்தியா?"

கடைத் தக்காளிக்குச் சொன்னார். பக்கத்து வீட்டு நாய்க்குச் சொன்னார். எல்லாவற்றுக்கும் இடறாமல் வந்தது. கடிதத்தில் தன் பெயருக்குப் பக்கத்தில் அடித்தால் மட்டும் விரல் தானாகப் போய் அழித்துவிடும். கடைசியில் வெண்பாதான் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "யூ டாக், ஐ வில் டைப்" என்றாள். அழிக்க அவருக்கு வழியில்லாமல் போயிற்று.

அடுத்தவர் வேலையை மதிப்பிடுவதும் ஓர் ஆதாரமாம். கல்லூரி மாணவர்களின் பொறியியல் போட்டிக்கு நடுவராகப் போனார். வெண்பா காரோட்டினாள். "போட்டோ கட்டாயம் வேணும். தனியா, நடுவுல, முகம் தெரியணும்" என்று ஷ்யாமளா அவளிடம் சொல்லியிருந்தார்.

பரிசளிப்பு முடிந்ததும் மேடையில் கிட்டுசாமி ஓரமாக, திரைச்சீலையை ஒட்டி நின்றார். வெண்பா கீழேயிருந்து கைப்பேசியை உயர்த்தினாள்.

"அப்பா, சென்டர்."

அவர் மேடை விளிம்புக்கு வந்தார். வலது கை, வழக்கம்போல, கைப்பேசியை வாங்க அவளை நோக்கி நீண்டது.

அவள் தரவில்லை. "ப்ளீஸ் ப்பா" என்றாள்.

கிட்டுசாமி நீட்டிய கையை ஒரு கணம் பார்த்தார். பிறகு அதை மடக்கி, சட்டைப்பையிலிருந்த, டயருக்குக் காற்று பார்க்கும் கருவியை இறுகப் பிடித்துக்கொண்டு, மேடையின் நடுவுக்கு நடந்தார்.